ஏச்சு வேறு, குறை சொல்வது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

"சேர் ஏசிட்டாரு, வந்துட்டேன்." கொழும்புக்கோ கண்டிக்கோ வேலைக்குப் போன தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மூன்றாம் மாதமே பெட்டியோடு ஹட்டன் ஸ்டேஷனில் வந்து இறங்கும்போது சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. சம்பளம் போதவில்லை, தங்குமிடம் சரியில்லை என்பவை நியாயமான காரணங்கள். அவற்றைப் பற்றி உங்கள் பத்திரிகையில் பலர் எழுதுகிறார்கள். இதைப் பற்றி எழுதுவோரைக் காணோம் என்பதால் இக்கடிதம்.

என்ன ஏசினார் என்று துருவிக் கேட்டால், பல நேரம் அது ஏச்சாகவே இருக்காது. பில்லில் திகதி போடவில்லை, மேசை துடைத்த துணியால் கிளாசைத் துடைக்காதே என்ற அளவில் இருக்கும். ஆனால் அந்தப் பிள்ளையின் காதில் விழுந்தது ஏச்சுதான். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லித் திட்டுவதையே குறை சொல்லும் முறையாகத் தோட்டம் தலைமுறை தலைமுறையாகப் பழக்கி வைத்திருக்கிறது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் அம்மாவும் அம்மாயியும் வாங்கிய பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, முகாமையாளர் குரல் கொஞ்சம் உயர்ந்தாலே காது அடைத்துவிடும்.

அதே தோட்டத்தில் இன்னொரு முறையும் இருக்கிறது. ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், போனால் பார்க்கலாம். கொழும்பில் 1883 முதல் நடந்துவரும் தேயிலை ஏலத்துக்குப் போகும் தூளைத் தரகு நிறுவனங்களின் சுவைஞர்கள் குடித்துப் பார்த்துக் குறிப்பு எழுதுவார்கள். எல்லாக் கோப்பைக்கும் ஒரே அளவு தூள், ஒரே அளவு கொதிநீர், ஒரே நேரம். சர்வதேச முறைப்படி 100 மில்லிலீற்றர் நீருக்கு 2 கிராம் தூள், ஊறவிடுவது 6 நிமிடம். காய்ந்த தூளையும் ஊறிய இலையையும் சாயத்தையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். பிறகு ஸ்டோருக்கு வரும் குறிப்பில், தூள் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கரைப் பற்றி ஒரு வார்த்தை இராது. "ஸ்டூட்" என்று தேயிலையைப் பற்றி ஒரு சொல் இருக்கும், அவ்வளவுதான். டீமேக்கருக்கு அது போதும். இலையை உலர்த்தும் டிரையரில் சூடு போதாமல் இலை மெதுவாக வெந்திருக்கிறது. நேரே போய் வெப்பமானியைப் பார்ப்பார், இலை எவ்வளவு தடிப்பாகப் பரவி உள்ளே போகிறது என்று பார்ப்பார். "பேக்கி" என்றால் அதற்கு நேர் எதிர், அளவுக்கு மேல் காய்ந்துவிட்டது. டிரையரிலிருந்து வெளியே வரும் தூளில் 3 வீதம் அளவுக்கு ஈரம் நிற்க வேண்டும். "ஸ்மோக்கி" என்றால் சூட்டுக் குழாயில் எங்கோ ஓட்டை. "கிரீனிஷ்" என்றால் உருட்டியது போதவில்லை, அல்லது நொதிக்கவிட்ட நேரம் குறைவு. நாரும் காம்பும் மிகுதி என்றால் ஸ்டோரைக் குடைந்து பயனில்லை. மலையிலிருந்தே, அதாவது கொழுந்து பறிக்கும் இடத்திலிருந்தே, முத்தல் இலை வந்திருக்கிறது.

ஒவ்வொரு சொல்லும் போய்ப் பார்க்க ஓர் இடத்தைக் காட்டுகிறது. கடை முதலாளியோ அலுவலகப் பெரியவரோ இவ்வளவு ஒழுங்காகக் குறை சொல்ல மாட்டார்கள். "என்ன வேலை இது, கண் தெரியாதா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அந்தச் சத்தத்துக்குள் இருந்து "ஸ்டூட்" போன்ற ஒரு சொல்லைக் கறந்து எடுப்பது கேட்பவரின் வேலை. அது பிறவிக் குணம் இல்லை, பழகினால் வரும்.

தோட்டத்து ஒபிசையே எடுத்துக்கொள்வோம். ஆட்களின் வேலையையும் கொழுந்து எடையையும் பதியும் செக்ரோல் எழுதும் பிள்ளையிடம் "உங்க கணக்கு எப்பவும் பிழை" என்று சொல்லப்படுகிறது. இதில் "எப்பவும்" என்ற சொல்லோடு மல்லுக்கு நிற்பதுதான் வழக்கமாக நடப்பது. "எப்பவும் இல்லையே சேர், போன மாசம் சரியாத்தானே இருந்துச்சு" என்று தொடங்கியதும் பேச்சு கணக்கை விட்டு மானத்துக்குப் போய்விடும். அதன் பிறகு இருவரில் ஒருவர் தோற்றே ஆக வேண்டும், தோற்பது யார் என்று சொல்லத் தேவையில்லை. கேட்க வேண்டியது எந்த நாள், யாருடைய பேர், எவ்வளவு வித்தியாசம் என்ற மூன்றுதான். "12ஆம் திகதி, 5ஆம் நம்பர் மலை, ஒரு அம்மாவுக்கு 3 கிலோ குறையுது" என்று பதில் வந்துவிட்டால் உட்கார்ந்து செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டது. வேலையை மேற்பார்க்கும் கங்காணியின் கைக்கொப்பி, மடுவத்தில் எடை எழுதிய தாள், செக்ரோல் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த ஒரு வரியை மட்டும் பார்க்க வேண்டும். மழையில் நனைந்த தாளில் 8 மங்கி 5 போலத் தெரியும். 18.5 செக்ரோலில் 15.5 ஆகியிருக்கலாம். அப்படியானால் பிழை நம்முடையது. திருத்தி, பக்கத்தில் சிறு கையெழுத்திட்டு, அதே நாளில் காட்ட வேண்டும். அந்த 3 கிலோ ஒரு பெண்ணின் கூலி என்பதால் இது மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

மூன்று தாளிலும் 18.5 என்றே இருந்தால்? அப்போது எந்த எடையோடு ஒப்பிட்டுப் பிழை என்றார்கள் என்று கேட்க வேண்டும். மலையில் மழை ஈரத்தோடு நிறுத்த கொழுந்து ஸ்டோருக்குப் போகும் வழியில் நீர் வடிந்து மொத்த எடை குறைவது வழமை. அந்தக் குறைவைச் செக்ரோல் பிள்ளையின் தலையில் போட முடியாது. "சேர், நீங்க சொன்னது ஸ்டோர் எடை, நான் எழுதியிருக்கிறது மடுவத்து எடை, ரெண்டு தாளும் இந்தா இருக்கு" என்று தாளை நீட்டிச் சொன்னால் எதிர்த்துப் பேசியதாக ஆகாது. தாள் இல்லாமல் அதே விஷயத்தைச் சொன்னால் வாய்க்காரி என்ற பெயர்தான் மிஞ்சும்.

எதிர்த்துப் பேசுகிறவர்கள் நம்மிடம் குறைவு. நம் வியாதி "சரி சேர்". முதலாளி வாக்கியத்தை முடிப்பதற்குள் மூன்று "சரி சேர்" போய்விடும். பணிவு மாதிரித் தெரிகிறது, உண்மையில் அது தப்பி ஓடும் வழி. எப்போது முடியும், எப்போது வெளியே போகலாம் என்பதிலேயே மனம் இருப்பதால் சொன்னது ஒன்றும் உள்ளே இறங்குவதில்லை. மறுநாள் அதே பிழை வரும். முதல் நாள் தெரியாமல் செய்தது, இரண்டாம் நாள் திமிரில் செய்ததாகிவிடும். உண்மையான ஏச்சு அன்றைக்குத்தான் விழும். சிங்களத்தில் சொல்லும் இடங்களில் இது இன்னும் மோசம். பாதி புரிந்ததும் "ஹரி சேர்" என்று தலையாட்டிவிட்டு வந்து, மீதியைப் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். அவருக்கும் பாதிதான் தெரிந்திருக்கும்.

மருந்து சின்னது. "சரி" சொல்வதற்கு முன்னால், சொன்னதைத் தன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். "அப்ப மிஸ், இனிமே திகதியும் நம்பரும் பார்த்துட்டுத்தான் கையெழுத்துக்குக் கொண்டு வரணும், சரிங்களா?" நாம் பிழையாக விளங்கியிருந்தால் அவர் அங்கேயே திருத்திவிடுவார். எத்தனை கோபமான ஆளும் தான் சொன்னது அப்படியே திரும்பி வருவதைக் கேட்டால் ஒரு படி இறங்குவார். தொழிற்பயிற்சி வகுப்பில் இதை இருவர் இருவராக நிறுத்தி, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லிப் பழக்கினால் ஒரு கிழமைக்குள் நாக்குக்கு வந்துவிடும். கண்ணாடி முன்னால் நின்று பழகுவது அவ்வளவு உதவாது, எதிரில் முறைத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

சட்டைப் பையில் ஒரு சின்னக் கொப்பி இருக்கட்டும். குறை சொல்லும்போது முகம் சூடாகும், கை நடுங்கும், முதல் வாக்கியத்துக்குப் பிறகு எதுவும் காதில் ஏறாது. உடம்பு அப்படித்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை. "ஒரு நிமிஷம் சேர், எழுதிக்கிறேன்" என்று கொப்பியை எடுத்தால் கைக்கு ஒரு வேலை கிடைக்கும், அவரும் எழுதும் வேகத்துக்குப் பேச வேண்டி வரும். இடப்பக்கம் திகதியும் அவர் சொன்ன வார்த்தையும், வலப்பக்கம் அதற்கு நாம் செய்தது. "என்னைக் கேவலப்படுத்தினார்" என்று எழுதக் கூடாது. மூன்று மாதம் கழித்துப் புரட்டினால் அந்த வரி எதற்கும் உதவாது. "பில் இல. 40, திகதி இல்லை" என்ற வரி உதவும். அழுகையே வந்துவிட்டால் "ரெண்டு நிமிஷம் மிஸ், முகம் கழுவிட்டு வாறேன்" என்று சொல்லிப் போய்விட்டு வரலாம். திரும்பி வராமல் இருப்பதுதான் பிழை.

பிழையை அன்றே திருத்த வேண்டும். மறுப்பு இருந்தால் அதை மறுநாள் சொல்ல வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்கிறவர்களே அதிகம்: மறுப்பு உடனே பறக்கும், திருத்தம் நாளைக்கு நாளைக்கு என்று இழுபடும். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "சிலருக்கு நன்றி கிடையாது" என்று போடுவது மூன்றாவது வகை. பெயர் போடாவிட்டாலும் யாரைப் பற்றியது என்று கடையில் எல்லோருக்கும் தெரியும்.

பலரும் விட்டுவிடுகிற ஒன்று, ஒரு கிழமை கழித்து நாமாகவே போய்க் காட்டுவது. "சேர், போன கிழமை திகதி விடுபடுதுன்னு சொன்னீங்க. இந்தக் கிழமை பில் புத்தகத்தைக் கொஞ்சம் பாருங்க." குறை சொன்னவருக்குத் தான் சொன்னது ஞாபகம் இருக்கும், அது சரியானது ஞாபகம் இருக்காது. காட்டாவிட்டால் ஆண்டு இறுதியில் சம்பள உயர்வு பேசும்போது பழைய பிழைதான் மேசைக்கு வரும்.

குறை சொல்கிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பயிற்சி முடித்து வந்த இருபத்திரண்டு வயது வெளிக்கள உத்தியோகத்தர், ஐம்பது வயது அம்மாவை "ஏய், இங்க வா" என்று கூப்பிட்டுவிட்டு இலையைப் பற்றி என்ன சொன்னாலும் அது ஏறப்போவதில்லை. "அம்மா, இங்க கொஞ்சம் வாங்க" என்பதற்குக் கூடுதலாக ஒரு நொடிதான் ஆகும். நிறுக்க வரிசையில் நிற்கும் பெண்கள் முன்னால் "உன் கூடை குப்பை" என்று சொல்வதற்குப் பதில், வரிசையிலிருந்து பத்து அடி தள்ளி, அவர் கூடையின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் ஒவ்வொரு பிடி எடுத்து, மொத்தம் 100 கிராம் நிறுத்து, சாக்கில் பரப்பி, நல்ல கொழுந்து ஒரு பக்கம், முத்தல் ஒரு பக்கம், கசங்கிச் சிவந்தது ஒரு பக்கம் என்று அவரையே பிரிக்கச் சொல்லுங்கள். மூன்று குவியலையும் நிறுத்தால் கிராம் கணக்கே வீதக் கணக்கு. சிவந்த குவியல் பெரிதாக இருந்தால் பறித்த கையைக் குற்றம் சொல்வதற்கு முன், கூடையில் அமுக்கி நிரப்பியிருக்கிறாரா, மூட்டை வெயிலில் கிடந்ததா என்று பாருங்கள். நெருக்கி அடைத்த இலை உள்ளே சூடேறிச் சிவந்துவிடும். முத்தல் அதிகம் என்றால் அந்த மலைக்குக் கடைசியாக எத்தனை நாளைக்கு முன் கொழுந்து பறிக்க ஆள் போட்டீர்கள் என்றும் பாருங்கள். பறிக்கும் சுற்று பிந்தினால் இலை முற்றும், அதற்குப் பொறுப்பு மடுவத்தில் நிற்கும் பெண் இல்லை.

முதலில் இரண்டு வார்த்தை புகழ்ந்து, நடுவில் குறையைச் சொருகி, கடைசியில் மறுபடி புகழும் முறையைச் சில பயிற்சிகளில் கற்பிக்கிறார்கள். நம் ஆட்களிடம் அது எடுபடாது. "ஐஸ் வைக்கிறாரு, பின்னால ஏதோ வருது" என்று முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு உண்மையாகப் பாராட்டினாலும் நம்ப மாட்டார்கள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறோம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சாதி, ஊர், "தோட்டத்தாள்தானே" என்ற பேச்சு, உடம்பைப் பற்றிய பேச்சு, இவற்றில் திருத்துவதற்கு எந்த வேலையும் இல்லை. கொப்பியில் திகதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றவர்கள் பெயர் எழுதி, எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டியவை அவை. வேலைத்தலத்தில் அதிகாரத்தில் இருப்பவர் வார்த்தையால் செய்யும் பாலியல் தொந்தரவும் 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம்.

கடைசியாக, விளக்கம் கேட்டு வரும் கடிதம். வாய்ப்பேச்சு இந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் பயந்து மேசை லாச்சிக்குள் போட்டு வைப்பவர்கள் இருக்கிறார்கள். கொடுத்த திகதிக்குள் பதில் போகாவிட்டால் சொல்ல ஒன்றுமில்லை என்று நிர்வாகம் எடுத்துக்கொள்ள இடம் கொடுத்ததாகிவிடும். விளங்காத மொழியில் இருந்தால், பெற்றுக்கொண்டதற்கு மட்டும் திகதியோடு கையெழுத்திட்டு, தமிழில் தரும்படி கேளுங்கள். 1987 முதல் தமிழும் அரச கரும மொழி என்பதால் அரச அலுவலகத்தில் இதை உரிமையோடு கேட்கலாம், தனியார் இடத்தில் மரியாதையோடு கேட்கலாம். பதிலில் குற்றச்சாட்டின் இலக்க வரிசையிலேயே ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரி போதும். நடந்ததை நடந்தது என்று எழுதுங்கள், நடக்காததை இல்லை என்று எழுதுங்கள், மற்றவர் செய்த பிழைகளை இதில் இழுக்க வேண்டாம். ஒப்படைக்கும்போது பிரதியில் திகதி முத்திரை வாங்கி, வீட்டில் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். லயத்து வீட்டுக் கூரை எந்த மழைக்கு எங்கே ஒழுகும் என்று சொல்ல முடியாது.

இப்படிக்கு,
தொழிற்பயிற்சி ஆசிரியர்கள் இருவர்,
ஹட்டன்.