பிரஷ் வாங்க அலையாதே

தென்காசி
ஐப்பசி 12

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய படத்தைப் பார்த்தேன். அழுகிற முகத்திலும் உன் அம்மாவின் சாயல் அப்படியே இருக்கிறது. இங்கே அடைமழை. வீட்டில் எல்லோரும் நலம்.

சாப்பாட்டு மேசையின் பலகை இணைப்பு விட்டுப்போயிற்று என்று எழுதியிருந்தாய். மூன்று மாத உழைப்பு அல்லவா, படித்ததும் மனம் வருந்தியது. நீ அனுப்பிய படத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். விளிம்பின் நடுவில் பசை தடித்துக் கிடக்கிறது. இரு ஓரங்களிலும் வெறும் மரம் தெரிகிறது. நடுவில் ஒரு கோடு இழுத்துவிட்டு, கிளாம்ப் நெருக்கும்போது மீதி தானாகப் பரவும் என்று விட்டிருக்கிறாய். அப்படிப் பரவும் என்று நம்பக் கூடாது. மரம் முழுவதும் நனைய வேண்டும், அதற்கு நாம்தான் தடவ வேண்டும்.

எந்த பிரஷ் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். பலகை விளிம்புக்கும் அகலமான பரப்புக்கும் பிரஷ் வேண்டாம். மயிர் உதிரும், பாதிப் பசையை அதுவே குடித்துவிடும். கழுவிய ஈரத்தோடு மறுபடி தொட்டால் பசை நீர்த்துப்போகும். பலகை மேல் ஒட்டுகிற மைக்காத் தகடு விற்கும் கடையில் கழிவுத் துண்டு சும்மாவே கொடுப்பார்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றை வெட்டி, முக்கோண அரத்தால் ஒரு விளிம்பில் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு பல் ராவிக்கொள். பல்லின் ஆழம் ஒரு மில்லிமீட்டர் போதும். அதைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து இழுத்தால், உழுத வயல் போல ஒரே உயரத்தில் வரிவரியாகப் பசை நிற்கும். நெருக்கியதும் அந்த வரிகள் படுத்து ஒன்றாகும். இணைப்பு நெடுகக் கடுகு கடுகாகப் பசை பிதுங்கினால் அளவு சரி. வழிந்து ஓடினால் அதிகம். ஓரிடத்தில் எதுவுமே பிதுங்கவில்லை என்றால் உடனே பிரித்து மறுபடி தடவு. கோடை வெயிலில் ஐந்து நிமிடத்துக்குள் மேலே ஆடை கட்டிவிடும். அந்த அவசரத்துக்கும் மைக்காதான் ஈடுகொடுக்கும், ஓர் இழுப்பில் ஓரடி தடவிவிடலாம்.

ஒரு கட்டையின் நுனியில் செதுக்கிய கழுந்தை இன்னொரு கட்டையின் துளைக்குள் செருகும் வேலைக்கு மட்டும் வேறு கருவி வேண்டும். துளைக்குள் பசையை ஊற்றவே ஊற்றாதே. அடியில் தேங்கிய பசைக்குப் போக இடம் இருக்காது. கழுந்து கடைசி வரை இறங்காது, கொட்டாப்புளியால் ஓங்கி அடித்தால் கட்டை பிளந்தும் போகும். மூங்கில் சிம்பைத் தட்டையாகச் சீவி, துளையின் பக்கச் சுவர்களில் மெல்லியதாகத் தடவு. கழுந்தின் கன்னங்களிலும் தடவு.

பெரியப்பா பட்டறையில் வச்சிரம், அதுதான் அந்தத் தோல் பசை, காய்ச்சியது உனக்கு நினைவிருக்கிறதா? வெந்நீர்ச் சட்டிக்குள் சின்னப் பித்தளைக் கிண்ணம், அந்த நாற்றம்! 1959-இல் ஃபெவிக்கால் வந்து எத்தனையோ வருடங்களுக்குப் பிறகும் அவர் வச்சிரத்தை விடவில்லை. தடவுவதற்கு ஆலங்குச்சியின் நுனியை நசுக்கி வைத்திருப்பார், பல் துலக்குகிற குச்சி மாதிரியே. பிரஷ் வாங்கக் காசில்லாமல் அப்படிச் செய்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். போன வருடம் ஒரு தேக்குப் பெட்டிக்கு, இரும்புப் பட்டை துருப்பிடித்த பழைய பிரஷால் பசை தடவினேன். மறுநாள் இணைப்பு நெடுகக் கறுப்புக் கோடு. மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கடுக்காய் மை போலக் கறுத்துவிடும். எவ்வளவு இழைத்தும் அது போகவில்லை. ஆலங்குச்சியில் இரும்பு இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இந்த உறையில் இரண்டு மைக்காத் துண்டுகள் வைத்திருக்கிறேன், பல் ராவியாகிவிட்டது. முதலில் கழிவுப் பலகையில் இழுத்துப் பழகு. மேசையில் காய்ந்திருக்கும் பழைய பசையின் மேல் புதுப் பசை பிடிக்காது; அதை முழுக்க இழைத்து எடுத்தாக வேண்டும். ஆனால் இப்போது இழைத்துவிடாதே. இழைத்த அன்றே ஒட்டினால்தான் நல்லது, இந்த ஈரத்தில் ஒட்டவும் கூடாது. மழை விட்டதும் என் பெரிய இழைப்புளியோடு வருகிறேன். அதுவரை பலகைகளைச் சுவரில் சாய்க்காமல், இடையில் சட்டம் வைத்துப் படுக்கையாக அடுக்கி வை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்