அந்த அப்பாவுக்கும் நாலு வரி எழுதியிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ‘எ பிராங்க்ஸ் டேல்’ என்ற ஆங்கிலப் படத்தைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். சன்னி என்கிற தாதாவுக்கு முக்கால் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். அவனுடைய சட்டை, நடை, பேச்சு எல்லாம் வந்துவிட்டது. பையனின் அப்பாவுக்கு அரை வாக்கியம்தான்: ஒரு பேருந்து ஓட்டுநர். அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். அதனால் வந்த கோபம் என்று நீங்கள் நினைத்தால் தப்பில்லை. ஆனால் அந்தக் கோபத்தை ஒரு டீ குடித்து ஆற்றியிருப்பேன். கட்டுரையின் கடைசியில், தந்தையின் வளர்ப்பில் இருந்த ஓட்டைதான் மகனை ரவுடியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று ஒரு தீர்ப்பு இருந்ததே, அதை விட முடியவில்லை.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். முடிவைக் கட்டுரையாளரே போட்டு உடைத்துவிட்டதால் எனக்குக் கூச்சமில்லை. வருஷம் 1960. நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியில், இத்தாலியக் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் ஒரு தெரு. ஒன்பது வயது கலோஜெரோ வீட்டு வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறான். அவன் கண்ணெதிரே சன்னி ஒருவனைச் சுட்டுக் கொல்கிறான். போலீஸ் வந்து ஆட்களை வரிசையாக நிறுத்தி, இவனா, இவனா என்று கேட்கிறது. சன்னியின் முறை வரும்போதும் பையன் இல்லை என்கிறான். அன்றிலிருந்து சன்னிக்கு அவன் செல்லப்பிள்ளை. எட்டு வருஷம் கழித்துப் பதினேழு வயதில், அப்பாவின் பேச்சைக் கேட்பதா, சன்னியின் பேச்சைக் கேட்பதா என்று நிற்கிறான்.

இதை நல்லவனுக்கும் கெட்டவனுக்கும் நடக்கிற இழுபறி என்று உங்கள் கட்டுரையாளர் எழுதுகிறார். அப்படியா? நான் பார்த்த வரையில் அது நேரத்துக்கு நடக்கிற போட்டி. சன்னிக்குக் கடிகாரம் கிடையாது. பையனின் வீட்டுக்குப் பக்கத்தில், தெருமுனை மதுக்கடை வாசலில்தான் நாள் முழுக்க நிற்கிறான். பள்ளிக்கூடம் போகும்போதும் அவனைத்தான் பார்க்க வேண்டும், திரும்பி வரும்போதும் அவனைத்தான். அப்பா லொரென்ஸோ டூட்டியில் இருக்கிறார். டூட்டியில் இருக்கிற டிரைவர் தன் தெருவில் இருக்க முடியாது, அதுதான் அந்த வேலையின் அடிப்படை. ஊரார் பிள்ளைகளை எல்லாம் நேரத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிற ஆளுக்குத் தன் பிள்ளை வீடு திரும்பும் நேரத்தில் வாசலில் நிற்க வழியில்லை. முதல் டிரிப் எடுக்கிறவன் கிளம்பும்போது பிள்ளை தூங்கும். கடைசி டிரிப்பை முடித்து வண்டியை டிப்போவில் விட்டு வரும்போதும் தூங்கும். நைட் ஹால்ட் விழுந்தால் அதுவும் இல்லை. இதில் வளர்ப்பு எங்கே வந்தது? டைம்டேபிளைப் பாருங்கள்.

சட்டம் படிக்கும் என் பேத்தியிடம் இதைச் சொன்னேன். தாத்தா, இதை ஏற்கெனவே ஒருவர் எழுதிவிட்டார் என்றாள். எட்வின் சதர்லேண்ட் என்ற அமெரிக்க அறிஞராம். குற்றம் ரத்தத்தில் வருவதில்லை, நெருங்கிப் பழகும் ஆட்களிடமிருந்து கற்றுக்கொள்வதுதான் என்று சொன்னவர். 1947இல் வெளிவந்த தன் புத்தகப் பதிப்பில் அவர் இதை ஒன்பது கூற்றுகளாக எழுதியிருக்கிறார். பழக்கத்தின் பலத்தை எப்படி அளப்பது என்பதற்கு அவர் நாலு விஷயம் சொல்கிறார்: எத்தனை அடிக்கடி பார்க்கிறோம், எவ்வளவு காலமாக, எவ்வளவு சின்ன வயதிலிருந்து, அந்த ஆள் நம் மனசுக்கு எவ்வளவு பெரியவர். இந்த நாலையும் சன்னிக்குப் போட்டுப் பாருங்கள். தினமும் பார்க்கிறான், எட்டு வருஷமாகப் பார்க்கிறான், ஒன்பது வயதில் ஆரம்பித்தது, தெருவே அந்த ஆளைக் கண்டு ஒதுங்கி வழிவிடுகிறது. நாலிலும் சன்னிக்குப் பலம் இருக்கிறது. இவ்வளவுக்கும் நடுவில் அந்தப் பையன் துப்பாக்கி தூக்காமல் தப்பினான் என்றால், அங்கே ஓர் அப்பா எதையோ சரியாகச் செய்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? கட்டுரை கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறது.

அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது வசனம் பேசியது அல்ல. பையனைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். சினிமாவில் அது சாதாரணமாக வந்துபோகிற காட்சி. எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்குத்தான் அதன் மதிப்பு தெரியும். வீட்டில் நேரம் இல்லாதவன் வேலை நேரத்திலேயே கொஞ்சத்தைப் பிய்த்துப் பிள்ளைக்குக் கொடுக்கிறான். நானும் லீவு நாட்களில் என் மகனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். பழைய வண்டிகளில் டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் பேனட் இருக்கும், அதன்மேல் மடித்த சாக்கைப் போட்டு உட்காருவான். சூடு தாங்காமல் நெளிவானே தவிர, எழுந்து பின்சீட்டுக்குப் போக மாட்டான். கண்டக்டரிடம் காசு கொடுத்து அவனுக்கு அரை டிக்கெட் வாங்கிவிடுவேன். எதற்கப்பா, நம்ம வண்டிதானே என்று கேட்பான். நம்ம வண்டி இல்லை என்று சொல்வேன். இந்த ஒரு பாடத்துக்காகச் செலவழித்த காசு வீண் போகவில்லை.

என் மகனுக்கும் ஒரு சன்னி இருந்தார். துப்பாக்கி எல்லாம் இல்லை, வட்டிக்கு விடுகிறவர், கூடவே நாலு ஆட்கள், பெரிய மோட்டார் சைக்கிள். எல்லாருக்கும் அவர் அண்ணன். என் மகனைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி, கணக்கில் எத்தனை மார்க் தம்பி என்று கேட்பார். போன பரீட்சையின் மார்க்கையும் ஞாபகம் வைத்துக்கொண்டு கேட்பார்! எனக்கே அது ஞாபகம் இருந்ததில்லை. அந்த ஆளை எப்படி வெறுப்பது? பையன்கள் பணத்தைப் பார்த்துத்தான் இப்படிப்பட்டவர்கள் பின்னால் போகிறார்கள் என்று எழுதுகிறவர்கள், இப்படி நின்று விசாரிக்கப்பட்ட ஒரு பையனிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். என் மகன் பிறகு வேறு வழியில் போய்விட்டான். அதற்கு என் வளர்ப்பு காரணம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் பாதிக்கு மேல் அவனுடைய கணக்கு வாத்தியாருக்குத்தான் சேர வேண்டும்.

படத்துக்கு வருகிறேன். சன்னியின் ஆட்கள் லொரென்ஸோவிடம் வந்து, பஸ் ஓட்டிக்கொண்டே சூதாட்டச் சீட்டு வசூல் செய்து தந்தால் வாரத்துக்கு 150 டாலர் என்கிறார்கள். மாட்டேன் என்கிறார். அந்த வீட்டில் அது பெரிய பணம், மனைவியின் முகத்திலேயே அது தெரிகிறது. அப்புறம், மதுக்கடையில் எடுபிடி வேலை செய்து பையன் சேர்த்து ஒளித்துவைத்த பணம் அகப்படுகிறது, அறுநூறு டாலர். எடுத்துக்கொண்டு நேரே சன்னியிடம் போய்த் திருப்பிக் கொடுக்கிறார், சுற்றிலும் அவனுடைய ஆட்கள் நிற்கும்போதே. துப்பாக்கி வைத்திருப்பவனிடம் வெறுங்கையோடு போய், என் பிள்ளையை விட்டுவிடு என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்? உங்கள் கட்டுரையில் இந்தக் காட்சியே இல்லை. சன்னியின் கார் என்ன நிறம் என்று மட்டும் இருக்கிறது.

இன்னொரு விஷயம். இது படத்தை இயக்கிய நடிகர் ராபர்ட் டி நீரோவின் சொந்தக் கதை என்று கட்டுரையில் இருக்கிறது. இல்லை. இதை எழுதியவரும் சன்னியாக நடித்தவரும் சாஸ் பால்மின்டேரி. அவருடைய முழுப்பெயரே கலோஜெரோ லொரென்ஸோ பால்மின்டேரி. அவருடைய அப்பா லொரென்ஸோ நிஜமாகவே பேருந்து ஓட்டுநர். முதலில் இதை ஒற்றை ஆளாக எல்லா வேடமும் போட்டு மேடை நாடகமாக நடித்தார். படமாக்கும் உரிமைக்குப் பத்து லட்சம் டாலர் வரை தருவதாகச் சொன்னார்களாம். கையில் காசில்லாத நேரம். ஆனாலும் திரைக்கதையை நான்தான் எழுதுவேன், சன்னியாக நான்தான் நடிப்பேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்று மறுத்துவிட்டதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பணத்தைத் திருப்பிக் கொடுத்த அப்பாவின் பிள்ளைதானே என்று நினைத்துக்கொண்டேன்.

டி நீரோவுக்கு அது இயக்குநராக முதல் படம். அதுவரை தாதா வேடங்களில் உலகப் பெயர் வாங்கிய மனிதர் அவர். சன்னி வேடம் பால்மின்டேரிக்குப் போன பிறகு, கேமராவுக்குப் பின்னால் மட்டும் நின்றுகொண்டு ஒதுங்கியிருக்கலாம். ஆனால் லொரென்ஸோவாகத் தொப்பியை மாட்டிக்கொண்டு டிரைவர் சீட்டில் வந்து உட்கார்ந்தார். படம் வெளியான அதே வருஷம் ஓவியரான அவருடைய தந்தை காலமானார். படத்தை அவருக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறார். எடுத்தவருக்கே இது யாருடைய படம் என்று தெரிந்திருக்கிறது.

சரி, ஒருதலைப்பட்சமாகப் பேசக் கூடாது. லொரென்ஸோவும் சறுக்குகிறார். பதினேழு வயதில் கலோஜெரோவுக்கு ஒரு கறுப்பினப் பெண்ணின் மேல் காதல் வருகிறது. அவளை முதலில் பார்ப்பதே அப்பாவின் பஸ்ஸில்தான். எல்லா ஜனங்களையும் ஏற்றி இறக்குகிற அந்த மனிதருக்கு, தன் மகன் அவளோடு பழகுவது மட்டும் ஒப்பவில்லை. சன்னிதான், உனக்குப் பிடித்திருந்தால் சரி, மற்றவன் என்ன சொன்னால் உனக்கென்ன என்கிறான். அந்த இடத்தில் ரவுடி சொல்வதுதான் நியாயம். ஒரு டிரைவராக எனக்கு அது வருத்தம்தான், ஆனால் படத்தின் உயரம் அங்கேதான் இருக்கிறது. அதோடு, என்னை மாதிரி ஆகாதே, படி என்று சன்னியே பையனிடம் சொல்கிறான். நண்பர்கள் பெட்ரோல் குண்டு வீசப் போகிற காரிலிருந்து அவனை இறக்கிக் கூட்டிப்போகிறவனும் சன்னிதான். அந்தக் காரில் போனவர்கள் யாரும் உயிரோடு திரும்பவில்லை. அப்பா அந்த நேரத்தில் அங்கே இருந்திருக்க முடியாது.

கடைசியில் சன்னி சுடப்பட்டுச் சாகிறான். சுட்டவன் யார் என்பதை உங்கள் கட்டுரை ‘ஓர் எதிரி’ என்று தாண்டிப் போய்விட்டது. படத்திலேயே முக்கியமான ஆள் அவன்தான் என்பேன். எட்டு வருஷத்துக்கு முன்னால், அந்த வாசல்படிக்கு எதிரே சன்னி சுட்டுக் கொன்றானே, அந்த மனிதனின் மகன். அவனும் ஒரு பையனாகத்தான் இருந்தான். கலோஜெரோவுக்கு இழுத்துப் பிடிக்க இரண்டு பேர் இருந்தார்கள். இவனுக்கு இருந்த ஒருவரும் தெருவில் செத்துக் கிடந்தார். அவன் வீட்டில் அந்த எட்டு வருஷமும் எப்படிப் போயிருக்கும் என்று படம் காட்டவில்லை. யாராவது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கதை எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன்.

சன்னியின் சாவுக்கு லொரென்ஸோ வருகிறார். என் பிள்ளையின் உயிரைக் காப்பாற்றினாய் என்று நன்றி சொல்கிறார். அவர் அவனை வெறுக்கவே இல்லையாம், மகனைச் சீக்கிரமே பெரியவனாக்கிவிட்டான் என்பதுதான் அவருடைய கோபம். ஒன்பது வயதில் கொலையைப் பார்த்து, பொய் சொல்லி, பகடை உருட்டிப் பணம் சேர்த்த பையனைப் பற்றி இதைவிடச் சரியாக என்ன சொல்லிவிட முடியும்?

பதினேழு வயதுக் கலோஜெரோவாக நடித்தவர் பிற்காலத்தில் நிஜமாகவே திருட்டு முயற்சி வழக்கில் சிறைக்குப் போனதைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். 2005இல் நடந்த அந்தச் சம்பவத்தில் ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதும் உண்மை, நடிகர் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்பதும் உண்மை. இரண்டாவதை நீங்கள் போடவில்லை. இதைப் படத்தின் சாபம் மாதிரி எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு போலீஸ்காரரின் குடும்பம் அழுத விஷயத்தைச் சினிமா துணுக்காக்கக் கூடாது.

என் வேண்டுகோள் சினிமாப் பக்கத்தோடு நிற்கவில்லை. உங்கள் செய்திப் பக்கங்களிலும் பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் அடிதடி வழக்கில் மாட்டினால், பெற்றோரின் கண்காணிப்பு இல்லை என்று ஒரு வரி தவறாமல் வருகிறது. அந்த வரியை எழுதும் முன், அந்த அப்பா, அம்மா எத்தனை மணிக்கு வேலைக்குப் போய் எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்று உங்கள் நிருபர் கேட்டு எழுதட்டும். அந்த நேரத்தில் தெருமுனையில் யார் நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதட்டும். விளையாட்டுத் திடல் பூட்டிக் கிடக்கிறதா, நூலகம் எத்தனை மணிக்கு மூடுகிறது என்பதும் அந்தச் செய்திக்குள் வர வேண்டியவைதான்.

கட்டுரையில் படம் வந்த ஆண்டு 1995 என்று அச்சாகியிருக்கிறது. 1993 என்று திருத்தம் வெளியிடவும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர், உங்கள் நெடுநாள் வாசகர்