எல்லாத் துறைகளுக்கும் ஒரே தராசா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் பதவி உயர்வுப் பட்டியலைப் பார்த்ததிலிருந்து மனம் ஆறவில்லை. கணிதத்தின் எண் கோட்பாட்டுப் பிரிவில் ஆய்வு செய்யும் ஆசிரியைக்கு, கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துக் கணக்கிடும் எச்-குறியீடு 5. நானோ பொருட்களில் ஆய்வு செய்பவருக்கு 22. இரண்டையும் அருகருகே எழுதி, அந்த அம்மையாரை ஒதுக்கிவிட்டார்கள். அவருடைய கட்டுரைகளில் ஒன்றையாவது யாரும் புரட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எச்-குறியீடு 5 என்றால், தலா 5 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 5 இருக்கின்றன என்று பொருள். அவ்வளவே. கணிதக் கட்டுரையைப் பெரும்பாலும் ஓரிருவரே எழுதுகிறார்கள். மேற்கோள்கள் மெல்லத்தான் சேரும், ஆனால் பல்லாண்டுகள் கழித்தும் சேரும். வேதியியலிலும் மருத்துவத்திலும் பலர் கூடி எழுதுவதும், அடியில் பழைய கட்டுரைகளை நீளமாகப் பட்டியலிடுவதும் வழக்கம். அங்கே எண் ஏறத்தானே செய்யும்? 2005-இல் இந்தக் குறியீட்டை முன்மொழிந்த இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷே, உயிரியலாளர்களின் எண்கள் இயற்பியலாளர்களுடையதைவிட அதிகமாக இருப்பதை அதே கட்டுரையில் சுட்டிக்காட்டியிருக்கிறார்.

எண்ணூர்க் கழிமுகத்தில் படியும் அனல்மின் நிலையச் சாம்பலையும் அங்குள்ள இறாலையும் ஆராய்பவரை வெளிநாட்டில் எத்தனை பேர் மேற்கோள் காட்டுவார்கள்? காட்டுக்குப்பம் மீனவர்களுக்கு வேண்டிய ஆய்வு அதுதான்.

கல்லூரிகள் அந்தந்தத் துறைக்குள் மட்டுமே எண்களை ஒப்பிடட்டும். தேர்வுக் குழுவில் துறை அறிந்த ஒருவர், விண்ணப்பதாரரின் சிறந்த கட்டுரைகளைப் படித்து, எழுத்தில் கருத்துத் தர வேண்டும். அந்த ஆசிரியையின் விண்ணப்பத்தை இந்த முறையில் மீண்டும் பரிசீலிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
ராயபுரம், சென்னை.