ஒப்படைக்கும்போதுதான் தெரிந்தது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒரு டிசைன் ஏஜென்சியில் 11 வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன மாதம் விலகினேன். மனக்கசப்பு எதுவும் இல்லை. வேறு இடத்தில் வேலை கிடைத்தது, கிளம்பினேன். ஆனால் கடைசி 30 நாளில் ஒரு விஷயம் உறைத்தது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களும் வர நினைக்கிறவர்களும் உங்கள் வாசகர்களில் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

என் வேலையை ஏற்றுக்கொள்ள வந்தது, சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு பெண். முதல் நாள் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழைய கிளையன்ட் ஒருவரின் ஃபோல்டரைத் திறந்தேன். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘புது ஃபைனல்’, ‘ஓகே ஆனது’ என்று நான்கு ஃபைல்கள். “இதுல பிரிண்டுக்குப் போனது எதுண்ணா?” என்று கேட்டாள். ‘ஃபைனல் 2’ என்றேன். ‘ஓகே ஆனது’ என்பது ஓகே ஆன அன்று சாயங்காலமே மாறிவிட்டது. அது என் தலைக்குள் இருந்ததே தவிர, வேறு எங்கேயும் இல்லை.

சரி, சின்னதாக ஒரு கரெக்‌ஷனை அவளே போட்டுப் பார்க்கட்டும் என்று விட்டேன். புதிதாக ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ் போட்டுத் தமிழ் வரியை ஒட்டினாள். ‘கொடுக்கிறோம்’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. ஃபாண்ட் கோளாறு என்று நினைத்து ஒவ்வொரு ஃபாண்டாக மாற்றிக்கொண்டே இருந்தாள், பாவம். கோளாறு ஃபாண்டில் இல்லை. நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளில், பத்தி அமைப்புக்கான மெனுவுக்குள் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். இரண்டு நொடி வேலை.

எத்தனையோ வருடமாக அந்த அலுவலகத்தில் யாருக்காவது தமிழ் உடைந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போய்ச் சரிசெய்துவிட்டு என் இடத்துக்கு வந்துவிடுவேன். என்ன செய்தேன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து அல்ல. அவர்கள் கூப்பிடுவது எனக்குப் பிடித்திருந்தது. நான் இல்லாவிட்டால் வேலை ஓடாது என்பதையே திறமை என்று நம்பியிருந்தேன். அந்தப் பெண் அரை மணி நேரம் ஃபாண்டை மாற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அவளுக்கு முன்னால் எத்தனை பேர் அப்படி உட்கார்ந்திருப்பார்கள்!

இரண்டாவது வாரம் அவள் இன்னொன்று கேட்டாள். செல்போனில் நிரப்புகிற ஒரு விண்ணப்பப் படிவம். “இந்த எழுத்தோட கலர் ரொம்பக் கனமா இருக்கே, கொஞ்சம் வெளிர்சாம்பலா மாத்தட்டுமாண்ணா?” நியாயமான கேள்விதான். முதலில் நானும் வெளிர்சாம்பல்தான் வைத்திருந்தேன், பார்க்க அழகாக இருக்கும். படிவம் வெளியான பிறகு கிளையன்ட் அலுவலகத்துக்குப் போனபோது, வாசலில் ஒரு பெரியவர் ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையைத் திரைக்கு மேல் கூரை மாதிரிக் கவித்துப் படிக்கப் பார்த்தார். முடியவில்லை. பக்கத்தில் நின்றவரிடம் போனை நீட்டி, “என்ன போட்டிருக்குன்னு பாருப்பா” என்றார். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) சாதாரண அளவு எழுத்துகளுக்குக் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்று இணையத்துக்கான அணுகல் வழிகாட்டு நெறிகள் 2008-லேயே சொல்லிவிட்டன. அன்று ராத்திரி அளந்து பார்த்தேன். என்னுடைய சாம்பல் வெள்ளைப் பின்னணியில் 2.3 தான் வந்தது. மறுநாளே மாற்றினேன்.

ஆனால் ஏன் மாற்றினேன் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை. அந்தப் பெண் என்னைக் கேட்டதால் தப்பித்தது. இரண்டு மாதம் கழித்துக் கேட்டிருந்தால் நான் அங்கே இருந்திருக்க மாட்டேன். அவளும் நல்லெண்ணத்தோடு அதே வெளிர்சாம்பலைத் திரும்பக் கொண்டுவந்திருப்பாள், அந்தப் பெரியவரும் திரும்பக் கையைக் கவித்திருப்பார். நிறம், அளவு எல்லாம் ஃபைலைத் திறந்தாலே தெரிந்துவிடும். காரணம் தெரியாது. கிளையன்ட் போனில் சொன்னது, மீட்டிங் முடிந்து படியிறங்கும்போது சொன்னது எல்லாம் நம்மோடு வெளியே வந்துவிடுகிறது.

மீதி நாட்களில் கிளையன்டுக்கு ஒரு பக்கம் என்று எழுத உட்கார்ந்தேன். எது கடைசி ஃபைல், எந்த ஃபாண்ட், எதை ஏன் அப்படி வைத்தோம், எதைக் கேட்டு வேண்டாம் என்றார்கள். 23 பேருக்கு எழுத வேண்டியிருந்தது, 14 பேருக்குத்தான் முடிந்தது. ஏனென்றால் நோட்டீஸ் காலம் முழுக்கப் புது வேலைகள் வந்துகொண்டே இருந்தன. போகிற ஆளிடமிருந்து முடிந்தவரை வேலை வாங்கிவிட வேண்டும் என்றுதான் எல்லா இடத்திலும் நினைக்கிறார்கள். ஏஜென்சி நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன், கடைசி இரண்டு வாரத்தில் புது பிரீஃப் எதையும் கொடுக்காதீர்கள். ஒப்படைப்பதும் வேலைதான், அதற்கும் மணிக்கணக்கு வையுங்கள். முடிந்தால் விலகும்வரை காத்திருக்காமல் ஒவ்வொரு வேலை முடியும்போதும் அந்த ஒரு பக்கத்தை எழுதச் சொல்லுங்கள்.

ஒரு கிளையன்டின் லோகோவுக்கு மூல ஃபைலே கிடைக்கவில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் நான் வரைந்தது. பழைய ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றிலும் தேடினோம். கடைசி நாள் சாயங்காலம், அவர்களுடைய விசிட்டிங் கார்டை ஸ்கேன் செய்து, அதன் மேல் மறுபடி கோடு கோடாக வரைந்து, ‘இது மூலம் அல்ல, 2வது முறை வரைந்தது’ என்று எழுதி அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வளைவு ஒன்று இன்னும் சரியாக வரவில்லை. அவளுக்கும் அது தெரியும், சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்