பதினைந்தாம் தேதி

பண்ருட்டி
2.9.2025

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. பதில் போடாததற்கு முட்டிவலியைக் காரணம் சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் உண்மையையே சொல்லிவிடுகிறேன். மகளிர் உரிமைத் தொகையால் ஒரு சொத்தும் உருவாகாது என்று நீ எழுதியதற்கு மறுப்பு எழுத ஆதாரம் தேடிக்கொண்டிருந்தேன். போன வாரம் கையில் கிடைத்தது, அதுவும் சாப்பாட்டோடு. காடாம்புலியூர் பக்கம் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன்.

பலாப்பழ மண்டியில் மூட்டை தூக்கினாரே, இடது காலை இழுத்து இழுத்து நடப்பாரே, அவரை உனக்கு நினைவிருக்கும். அவருடைய மகள் வீடுதான். எட்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்தாள். கணக்கில் கெட்டி. ஒன்பதாவதில் நின்றுவிட்டாள். கல்யாணம் ஆகிப் போன இடத்தில் முந்திரி உடைக்கிற வேலை. தோலில் இருக்கும் எண்ணெய் கையைப் புண்ணாக்கிவிடும் என்று சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைப்பார்கள், நீயும் சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஆப்பிரிக்காவிலிருந்து கொட்டை வந்தால் வேலை, வராவிட்டால் கம்பெனி வாசலில் பூட்டு. கணவன் மேஸ்திரிக்குக் கையாளாகப் போகிறான். சம்பாதிப்பதில் எவ்வளவு வீட்டுக்கு வரும் என்பது அன்றைய சாயங்காலத்தைப் பொறுத்தது.

இருந்தது கூரை வீடு. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கீற்று மாற்ற வேண்டும். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்தபோது கூரை பறந்து முந்திரித் தோப்பில் போய்க் கிடந்ததாம். அப்புறம் அரசு அறிவித்த கான்கிரீட் வீட்டுத் திட்டத்தில் அவர்கள் பெயர் வரவில்லை. மனைப் பட்டா இல்லை. பட்டா கைக்கு வரப் பத்து வருஷம் ஆயிற்று.

சரி, உன் வாதத்துக்கு வருகிறேன். மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை என்பது கையில் வாங்கி வாயில் போடுகிற காசு, அதில் எந்தச் சொத்தும் உருவாகாது, கொடுப்பதை மொத்தமாகக் கொடுத்தால் வீடாவது மிஞ்சும் என்று எழுதியிருந்தாய். கென்யாவை வேறு துணைக்கு அழைத்திருந்தாய். தேடிப் படித்துப் பார்த்தேன், நீ சொன்னது சரிதான். அங்கே ரரியேடா வட்டாரத்தில் 2011-இலிருந்து கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு ஏழைக் குடும்பங்களுக்குக் கைபேசி வழியாகப் பணம் அனுப்பியது. சிலருக்கு ஒரே தடவையில், சிலருக்கு மாதாமாதம். மொத்தமாக வாங்கியவர்கள் வீட்டுக்கு நீடித்து உழைக்கிற பொருள்களை வாங்கினார்கள். மாதாமாதம் வாங்கியவர்கள் வயிறாரச் சாப்பிட்டார்கள். பணம் வந்த குடும்பங்களில் புல் கூரை போய்த் தகரக் கூரை வந்தது கூடுதலாக இருந்தது. இதைத்தான் நீ பிடித்துக்கொண்டாய்.

ஆனால் அதே கென்யாவில் பெண்கள் சாமா என்று ஒன்று நடத்துகிறார்கள் என்பதை நீ எழுதவில்லை. மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, முறை வைத்து ஒருத்தியிடம் மொத்தமாகத் தருவது. நம் ஊர்ச் சீட்டு. மாதக் காசு மொத்தக் காசாக மாறும் வழி அங்கேயும் இருக்கிறது, இங்கேயும் இருக்கிறது. மண்டியில் மூட்டை தூக்கியவர் மகளின் வீட்டுக்கு அடியில் கிடப்பதும் அந்தச் சீட்டுதான்.

உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கியது. இவளுக்கு வந்த முதல் ஆயிரம் கைக்கே வரவில்லை, தெரியுமா? கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கி பிடித்துக்கொண்டுவிட்டது. எந்த வங்கி என்று சொல்லமாட்டேன், வங்கி மேனேஜராக இருந்த உனக்குக் கோபம் வரும். அப்போது இப்படிப் பல பெண்களுக்கு நடந்து, நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளைக் கண்டித்து அறிக்கையே விட்டார். இவள் பணம் திரும்பி வரவில்லை. கேட்கப் போனால் ஒருநாள் கூலி போய்விடும் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த மாதத்திலிருந்து ஒழுங்காக வந்தது. நவம்பரில் தெருப் பெண்கள் இருபது பேர் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க் குலுக்கல் சீட்டு ஆரம்பித்தார்கள். ஏலம் கேட்டுத் தொகையைக் குறைத்து எடுக்கும் தள்ளு எதுவும் கிடையாது. பதினாறாம் தேதி சாயங்காலம் மாரியம்மன் கோயில் திண்ணையில் குலுக்குவார்கள். ஏன் பதினாறு என்று கேட்டேன். “பதினஞ்சாம் தேதி காசு ஏறும் சார், பதினேழு வரைக்கும் விட்டா வீட்ல இருக்காது” என்றாள். ரிசர்வ் வங்கி கூட இவ்வளவு துல்லியமாகத் தேதி குறித்திருக்காது.

முன்னேயும் அந்தத் தெருவில் சீட்டு நடந்திருக்கிறது. இவளை மட்டும் சேர்க்கமாட்டார்கள். நல்ல மாதத்தில் கட்டுவாள், கொட்டை வராத மாதத்தில் தலைமறைவாகிவிடுவாள் என்று பெயர். பொய்யில்லை, அவளே ஒத்துக்கொள்கிறாள். இந்தத் தடவை யாரும் மறுக்கவில்லை. அவளுக்குப் பணம் வருகிற தேதி தெருவுக்கே தெரியும். மளிகைக் கடைக்காரரும் அந்த வருஷம்தான் அவளுக்கென்று தனிப் பக்கம் போட்டுக் கடன் எழுத ஆரம்பித்தார்.

இதற்கு நடுவே இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தாள். முந்திரி சீசனில் கையில் கொஞ்சம் காசு சேரும்போதெல்லாம் ஐந்நூறு ஐந்நூறாகச் செங்கல் வாங்கி வேலியோரம் அடுக்கிவிடுவாள். வீடு வருமா வராதா என்றே தெரியாத காலத்தில். எதற்கு இப்போதே என்று நான்கூட ஒருமுறை கேட்டிருக்கிறேன். “ரூவாயா இருந்தா நாத்தனார் கேப்பாங்க, வீட்டுக்காரர் கேப்பார், இல்லேன்னு சொல்ல முடியாது. செங்கல்லை யாரு சார் கைமாத்துக் கேப்பாங்க?” முப்பது வருஷம் மேனேஜராக இருந்தாயே, இப்படி ஒரு வைப்புத் திட்டம் உன் வங்கியில் இருந்ததா?

2024-இல் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் வந்தது. குடிசையில் இருப்பவர்களுக்கு 360 சதுர அடியில் வீடு, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, அரசு தருவது மூன்றரை லட்சம். பட்டா இருந்ததால் ஆகஸ்டில் இவளுக்கு ஒர்க் ஆர்டர், அதாவது வீடு கட்ட அனுமதி உத்தரவு, கிடைத்தது. இங்கேதான் நீயும் நானும் யோசிக்காத ஒரு முடிச்சு இருக்கிறது. மூன்றரை லட்சத்தைத் தூக்கி முன்கூட்டியே கையில் கொடுத்துவிட மாட்டார்கள். தரைமட்டத்துக்கு மேல் பேஸ்மட்டம் எழும்பினால் ஒரு பில், கதவு ஜன்னலுக்கு மேல் லிண்டல் வந்தால் ஒரு பில், கூரை போட்டால் ஒரு பில், முடித்தால் மிச்சம். ஓவர்சியர் வந்து பார்த்துப் போட்டோ எடுத்த பிறகுதான் கணக்கில் ஏறும். கடைக்கால் தோண்டிக் கல் போட்டு பேஸ்மட்டம் வரை கொண்டுவர நம் கைக்காசு வேண்டும். அது இல்லாமல் ஆர்டரைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறவர்கள் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

இவளுக்குச் சீட்டுப் பணம் இருந்தது. ஜூலையில் குலுக்கலில் வேறொருத்திக்குத்தான் விழுந்ததாம். ஆர்டர் வரப்போகிறது என்று கெஞ்சி மாற்றி வாங்கிக்கொண்டாள். அந்த இருபதாயிரத்தில் கருங்கல்லும் மண் வேலையும். அடுக்கி வைத்த செங்கல்லும் கிட்டத்தட்ட இரண்டாயிரம் இருந்தது. கணவனும் அவன் மேஸ்திரியும் வேலையைப் பார்த்துக்கொண்டார்கள், சித்தாள் இவளே. முதல் பில் நவம்பரில் ஏறியது.

ஏறிய கையோடு ஃபெஞ்சல் புயல் வந்துவிட்டது. நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததே, அது. தென்பெண்ணைக் கரை ஊர்களில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. காடாம்புலியூர் செம்மண் மேடு, வெள்ளம் ஏறவில்லை, மழைதான் வெளுத்து வாங்கியது. இறக்கி வைத்த மணலில் பாதி ஓடையோடு போய்விட்டது. பழைய கூரையைப் பிரித்துவிட்டிருந்தார்கள், பக்கத்தில் போட்ட தார்ப்பாய்க் கொட்டகைக்குள் இரண்டு பிள்ளைகளோடு மூன்று நாள் உட்கார்ந்தே இருந்தார்களாம். அரசு நிவாரணம் குடும்ப அட்டைக்கு 2,000 கொடுத்தார்கள். அது மணலுக்குப் போயிற்று.

லிண்டலுக்கு மேலே போக வேறு கடன் தேவைப்பட்டது. பிப்ரவரியில் மகளிர் குழு வழியாக 60,000, இருபத்து நான்கு மாதத் தவணை, மாதம் 2,800-க்குச் சற்று மேல். தோடும் செயினும் அடகில் 45,000. அண்ணன் கொடுத்தது 25,000. அரசின் மூன்றரை லட்சம், சீட்டு எல்லாம் கூட்டிப் பார்த்தேன், ஐந்து லட்சம். செங்கல், கூலி இல்லாமல் செய்த வேலை எல்லாம் இதில் சேராது.

இனி உன் வேலை, கணக்கு. இரண்டு வருஷத்து உரிமைத் தொகை 24,000. ஐந்து லட்சத்தில் நூற்றுக்கு ஐந்து கூடத் தேறாது. “இதற்கா இத்தனை பக்கம் எழுதினாய்?” என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. சிரி. ஆனால் 1991-இல் நான் வீடு கட்டியது எப்படி என்று கொஞ்சம் யோசித்துப் பார். என்னிடம் என்ன இருந்தது? சேமிப்பு இல்லை, சொத்து இல்லை. சம்பளச் சான்றிதழ் ஒன்றுதான். மாதக் கடைசி நாளில் இந்த ஆளுக்குப் பணம் வரும் என்று தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டார், கூட்டுறவு சங்கம் கடன் கொடுத்தது. சம்பளம் எவ்வளவு என்பதை விட அது தவறாமல் வரும் என்பதைத்தான் அவர்கள் நம்பினார்கள். நீயும் எத்தனை பேருக்கு அப்படிக் கொடுத்திருப்பாய்! நாமெல்லாம் தேதியை அடகு வைத்து வீடு கட்டியவர்கள். இவளுக்கு முப்பத்தாறு வயதில் முதல் தடவையாக அப்படி ஒரு தேதி கிடைத்திருக்கிறது. கூலி நாளைக்கு வரலாம், வராமலும் போகலாம். பதினைந்தாம் தேதி வருகிறது.

எல்லாம் நல்லதாகவே நடந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். வட்டிக்குக் கொடுக்கும் தனியார் கம்பெனி ஆட்களுக்கும் அந்தத் தேதி தெரியும். மோட்டார் சைக்கிளில் வந்து, குழுவாகச் சேர்ந்தால் உடனே பணம் என்கிறார்கள். தெருவில் நாலைந்து பேர் மூன்று இடத்தில் வாங்கிவிட்டு, பதினைந்தாம் தேதி ஏறும் ஆயிரத்தைப் பதினைந்தாம் தேதியே கொடுத்துவிட்டு நிற்கிறார்கள். இவளும் ஏப்ரலில் கூரை கான்கிரீட் போடும்போது அந்தப் பக்கம் ஒரு எட்டு வைத்துப் பார்த்திருக்கிறாள். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டாளாம். நான் சொல்லிக்கொடுத்த வட்டிக் கணக்கு என்று பெருமைப்பட்டுக்கொள்ள இடம் கொடுத்தாள். உண்மையில் அண்ணன் திட்டியதுதான் காரணம் என்று அவள் அம்மா சாப்பாட்டுப் பந்தியில் சொல்லிவிட்டார்.

அப்புறம் இவளுடைய ஓரகத்தி. அதே மனையில் பின்பக்கம் குடித்தனம், அதே வறுமை. அவளுக்கு உரிமைத் தொகை கிடைக்கவில்லை. வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவானால் கிடையாது என்று ஒரு விதி உண்டு. முன்பு வாடகைக்கு இருந்த வீட்டில் நாலு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே மீட்டர் இருந்ததுதான் வினையாயிற்று என்கிறாள். இந்த ஜூலையில் ‘உங்களுடன் ஸ்டாலின்’ முகாமில் மறுபடி மனு கொடுத்திருக்கிறாள். சீட்டில் அவளைச் சேர்க்கச் சொல்லி இவள் கேட்டாளாம். “அவளுக்குப் பதினைந்தாம் தேதி இல்லையே” என்றுவிட்டார்கள். ஒரே வாசலில் இரண்டு பேர். நீ அடுத்த கடிதத்தில் திட்டத்தைத் திட்டுவதென்றால் இந்த இடத்தில் திட்டு, நானும் சேர்ந்துகொள்கிறேன்.

வீடு எப்படி இருக்கிறது என்று கேட்பாய். ஒரு அறை, ஒரு ஹால், மேடை வைத்த சமையலறை. உள்பூச்சு முடிந்திருக்கிறது, வெளியே செங்கல் அப்படியே தெரிகிறது. முன் வாசலுக்கு வேப்பமர நிலை. அறைக்குக் கதவு இன்னும் போடவில்லை, சேலைதான் தொங்குகிறது. சீட்டு ஜூனில் முடிந்துவிட்டதால் இப்போது அந்த ஆயிரம் குழுத் தவணைக்குப் போகிறது, மீதி ஆயிரத்து எண்ணூறு கொட்டை உடைத்துச் சேர்க்க வேண்டும். அடகு நகை எப்போது திரும்பும் என்று நான் கேட்கவில்லை. பால் காய்ச்சும்போது காதில் வேப்பங்குச்சிதான் இருந்தது.

வேலியோரம் மறுபடி நூறு செங்கல் அடுக்கியிருந்தது. கழிவறைச் சுவருக்காம்.

தீபாவளிக்கு ஊர்ப்பக்கம் வருவதாக எழுதியிருந்தாய். பலா சீசன் முடிந்துவிட்டது, முந்திரி வாங்கி வைக்கிறேன். வந்தால் உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போவேன். அவளிடம் உன்னைப் பேங்க் மேனேஜர் என்று அறிமுகப்படுத்துவதா வேண்டாமா என்றுதான் யோசிக்கிறேன், அந்த முதல் ஆயிரத்தை உன்னிடம் கேட்டாலும் கேட்பாள்.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் வாத்தியார் நண்பன்