ஷாகா படம்னு போட்டது ஷாகாவே இல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன ஞாயிறு இணைப்புல தென்னாப்பிரிக்காவோட ஜூலு இன ராஜா ஷாகாவப் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். "ரத்தவெறி பிடித்த காட்டுமிராண்டி"ன்னு ஒரு வரி, அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல ஐயா. நான் டர்பன்ல ஒரு ஹார்டுவேர் கடையில 11 வருஷம் கணக்கு எழுதுனவன், அந்த ஜனங்களோட ஒண்ணா உக்காந்து சாப்பிட்டவன்.

ஷாகா உத்தமர்னு நான் சொல்ல வரல. 1827ல அவரோட அம்மா நாண்டி செத்தப்போ சரியா துக்கம் காட்டலன்னு ஜனங்களக் கொன்னதா சொல்றாங்க. ஆனா ஆயிரக்கணக்குல செத்தாங்கன்னு எழுதி வச்சது யாரு? யானைத் தந்த வியாபாரத்துக்குப் போன ஃபின், ஐசக்ஸ் மாதிரி வெள்ளக்காரங்க. அந்த ஐசக்ஸே 1832ல ஃபின்னுக்கு லெட்டர் போட்டிருக்காரு, ஜூலு ராஜாக்கள எவ்வளவு ரத்தவெறியோட காட்ட முடியுமோ காட்டு, அப்பதான் புத்தகம் ருசியா இருக்கும்னு. 200 வருஷம் கழிச்சு நம்ம தமிழ்ப் பத்திரிகையும் அதையே எழுதணுமா?

1816ல ஒரு சின்னக் குலத்துக்குத் தலைவரானவரு, 1828ல அப்பா வழித் தம்பி (அம்மா வேற) டிங்கானே கூட்டாளிங்களோட சேர்ந்து கொல்றதுக்குள்ள பெரிய ராஜ்ஜியத்தையே கட்டிட்டாரு. அது எப்படின்னு கட்டுரையில ஒரு பத்தி கூட இல்ல. எங்க கடையில ஒரு ஜூலு அண்ணன் இருந்தாரு, சாப்பாட்டு நேரத்துல ஆணி டப்பாவ எதிரின்னு நடுவுல வச்சு, அதுக்கு நேரா ஒரு வரிசையா நட்டுகள வச்சு, ரெண்டு பக்கமும் கொம்பு மாதிரி போல்ட்ட வளைச்சு அடுக்கி, பின்னாடி ஒரு கை நட்ட தனியா வச்சு, ஷாகா படையோட மாட்டுக்கொம்பு வியூகம் இதுதான்னு காட்டுனாரு. அவங்க அப்பா ஷாகா பேரக் கேட்டா எந்திரிச்சு நிப்பாராம், அம்மா எந்திரிச்சு வெளிய போயிடுவாங்களாம், ஏன்னா அம்மா வழி ஷாகாகிட்ட தோத்துச் சிதறுன ந்த்வாண்ட்வே குலம். ஒரே வீட்டுக்குள்ள ரெண்டும் இருக்கு ஐயா, உங்க கட்டுரையில ஒண்ணுதான் இருக்கு.

2010ல டர்பன்ல புது ஏர்போர்ட்டுக்கு ஷாகா பேரையே வச்சாங்க, மாடுகளோட ஆயுதம் இல்லாம நிக்கிற மாதிரி சிலையும் வச்சாங்க. மாடு மேய்க்கிற பையன் மாதிரி இருக்குன்னு அப்போதைய ஜூலு ராஜா வருத்தப்பட, கொஞ்ச நாள்லயே சிலைய எடுத்துட்டாங்க. எப்படிக் காட்டுறதுன்னு அவங்களுக்குள்ளயே இன்னும் முடியாத விஷயத்த நீங்க ஒரே வார்த்தையில முடிச்சுட்டீங்க.

படம் வேற! நாற்காலியில உக்காந்திருக்குற அந்த ஃபோட்டோ செட்ஷ்வாயோ. ஷாகாவோட தம்பி மகன், பின்னாடி ஜூலு ராஜாவா இருந்தவரு, 1879ல இவரோட படைதான் இசாண்டில்வானால இங்கிலீஷ்காரங்களத் தோற்கடிச்சது. ஷாகா செத்தப்போ அந்தப் பக்கம் கேமராவே கிடையாது.

இது முதல் தடவையும் இல்ல. போன வருஷம் "ஆப்பிரிக்க மொழி"ன்னு, ஏதோ ஒரே மொழி இருக்குற மாதிரி போட்டிருந்தீங்க. தென்னாப்பிரிக்காவுல மட்டும் ஆட்சிமொழி 12. அப்பவே இன்லேண்ட் லெட்டர்ல எழுதுனேன், பதிலே இல்ல. உங்களுக்குத் தெரியாதது இல்ல, யாரும் கேக்க மாட்டாங்கன்னு விட்டுட்டீங்களோன்னுதான் மனசு வலிக்குது.

கட்டுரைய வாபஸ் வாங்கச் சொல்லல. அந்தப் படம் செட்ஷ்வாயோன்னு அடுத்த ஞாயிறு ஒரு வரி திருத்தம் போடுங்க.

இப்படிக்கு,
19 வருஷ சந்தாதாரர்,
திருநெல்வேலி