சோள மாவு இறுகுவது உராய்வினால்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு மாணவர் பகுதியில் வந்த சோள மாவுச் (கார்ன் ஃப்ளோர்) சோதனையைப் படித்தேன். மாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்தால், மெதுவாகத் தொடும்போது ஒழுகும் கலவை ஓங்கிக் குத்தினால் கெட்டியாகிவிடும், அதுதான் சோதனை. செய்முறை நன்றாகவே இருந்தது. ஆனால் குத்தும்போது மாவு தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் இறுகுகிறது என்று போட்டிருந்தீர்களே, அது தவறு. தயவுசெய்து திருத்துங்கள், ஏனென்றால் நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் அதை அப்படியே மனப்பாடம் செய்து அறிவியல் விழாவில் ஒப்பிப்பார்கள்.

உறிஞ்சியிருந்தால் கையை எடுத்ததும் அது எப்படி மறுபடி ஒழுகும்? சோள மாவு தண்ணீரைக் குடித்து உப்ப 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும், அடுப்பில் சூப் கெட்டியாவது அப்படித்தான். பச்சைத் தண்ணீரில் மாவு கரைவதில்லை, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள துகள்களாகவே நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிறது.

மெதுவாகக் கிளறினால் துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும், அவற்றை விலக்கி வைக்கும் சிறு விசை அதற்குப் போதும். ஓங்கிக் குத்தினால் அந்த விசை தாக்குப்பிடிக்காது, துகளும் துகளும் நேரடியாக உரசுகின்றன. விஷயமே இங்கேதான் இருக்கிறது. உராய்வில்லாத உருண்டைகள் மொத்த இடத்தில் சுமார் 64 விழுக்காட்டை நிரப்பும்வரை நகரும். உரசும் உருண்டைகளோ 58 விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே சிக்கிக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவே, 60 விழுக்காட்டில் இருக்கும் கலவை, தடவினால் ஓடுவதும் அடித்தால் நிற்பதும் இதனால்தான். வயார்ட், கேட்ஸ் என்ற இரு இயற்பியலாளர்கள் 2014இல் இதைச் சமன்பாடாகவே எழுதிவிட்டார்கள். அதற்கு முன் பல ஆண்டுகளாக, நடுவில் அகப்பட்ட நீரே துகள்களைக் கொத்தாகச் சேர்க்கிறது என்ற கருத்துதான் ஓங்கியிருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 2017இல் பிரான்சில் செய்த சோதனை. நுண்ணிய சிலிக்கா மணிகளைத் தண்ணீரில் போட்டார்கள். வேகம் கூடியபோது கலவை இறுகியது. அப்புறம் அதில் உப்பைச் சேர்த்தார்கள், மணிகளை விலக்கி வைத்த மின் விசை அடங்கிப்போயிற்று. மெதுவாக நகர்த்தினாலும் மணிகள் உரசின, ஆகவே கலவை எப்போதுமே தடிப்பாக இருந்தது, வேகத்தால் புதிதாக இறுகுவது மட்டும் நின்றுவிட்டது. உராய்வுதான் காரணம் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பிள்ளைகள் கண்ணால் பார்க்கவும் ஒன்று உண்டு, அதையும் சேர்த்துப் போடுங்கள். கலவையின் மேல் விரலை வெடுக்கென்று இழுத்தால் பளபளப்பு மறைந்து அந்த இடம் மங்கிவிடும், விட்டதும் மறுபடி மின்னும். நெருக்கமாக இருந்த துகள்கள் ஒன்றையொன்று தாண்டிப் போக விலகி இடம் தேடுகின்றன, அந்த இடைவெளிக்குள் மேலிருந்த தண்ணீர் இறங்கிவிடுகிறது. பத்து ஃபெரிங்கி கடற்கரையில் ஈர மணலை மிதித்தால் காலைச் சுற்றி ஒரு வட்டம் காய்ந்ததுபோல் வெளுக்கிறதே, அதுவும் இதுதான். ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர் 1885லேயே விளக்கிவிட்டார்.

அடுத்த ஞாயிறு திருத்தம் போடும்போது, மிச்சக் கலவையைச் சிங்க்கில் ஊற்றக்கூடாது என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மாவு குழாய் வளைவில் படிந்து அடைத்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு